கடையில் கற்றதற்குக் கிரெடிட்: சிறு தொழில்களோடு வேலை அனுபவத் தாள் நடத்தியதில் தெரிந்துகொண்டவை

பல்கலைக்கழகத்தில் எங்கள் துறையில் வேலை அனுபவத்துக்குக் கிரெடிட், அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேரும் படிப்பு அலகு, உண்டு. அந்தத் தாளை ஒருங்கிணைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது நடைமுறை இப்படி இருந்தது. விடுமுறையில் மாணவர் ஏதாவது ஒரு நிறுவனத்தில் சில வாரம் இருப்பார். லெட்டர்ஹெட்டில் கையெழுத்தும் சீலும் போட்ட கடிதம் ஒன்று வரும். கூடவே ஸ்பைரல் பைண்டிங் செய்த அறிக்கை. அதில் முதல் பாதி நிறுவனத்தின் இணையதளத்தில் இருந்து எடுத்த வரலாறு, மறு பாதி எல்லா அறிக்கையிலும் இருக்கும் அதே முடிவுரை. கடிதம் வந்தால் கிரெடிட், வராவிட்டால் இல்லை. போன இடத்தில் அந்தப் பிள்ளை என்ன கற்றது என்று கேட்பதற்கு அந்த ஏற்பாட்டில் இடமே இல்லை.

இப்போது அதே தாளை வேறு விதமாக நடத்துகிறோம். பெரும்பாலும் சிறு தொழில்களோடுதான். இதைத் தொடங்க நினைக்கும் ஆசிரியர்களுக்கும், இதில் சேரப்போகும் மாணவர்களுக்கும் பயன்படும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். கிரெடிட் கொடுப்பது வேலை பார்த்ததற்கு அல்ல, வேலையில் கற்றதற்கு. இது என் கண்டுபிடிப்பு இல்லை. அனுபவத்தில் கற்றதை மதிப்பிடுவதற்காக அமெரிக்காவில் 1974-இல் தொடங்கிய கேயல் என்ற அமைப்பின் நெறிமுறைகளில் முதலாவதே இதுதான். கேட்கும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆனால் இதை ஒப்புக்கொண்டால் பல பழக்கங்களைக் கைவிட வேண்டியிருக்கும். வருகைப் பதிவேடு மட்டும் போதாது. சான்றிதழ் மட்டும் போதாது. முதலாளி திருப்தியாக இருக்கிறார் என்பதும் போதாது. கற்றது என்ன என்பதை மாணவர் காட்ட வேண்டும், நாம் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

மாணவர்களும் பெற்றோரும் கேட்பது பெரிய கம்பெனிப் பெயரைத்தான். சுயவிவரத்தில் போட்டுக்கொள்ள நன்றாக இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உலகில் உள்ள தொழில் நிறுவனங்களில் ஏறத்தாழ 90 சதவீதம் சிறு, நடுத்தர நிறுவனங்கள் என்றும், வேலைவாய்ப்பில் பாதிக்கு மேல் அவற்றில்தான் என்றும் உலக வங்கி சொல்கிறது. நம் பிள்ளைகளில் பலர் போய்ச் சேரப்போகும் இடம் அதுதான். ஆள் கணக்கில், 10 பேருக்குக் குறைவாக இருந்தால் குறு நிறுவனம், 50 பேருக்குக் குறைவாக இருந்தால் சிறு நிறுவனம் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வரையறை. நான் மாணவர்களை அனுப்பும் இடங்களில் பெரும்பாலானவை முதல் வகை. அச்சகம், உதிரிபாகக் கடை, ஆடிட்டர் அலுவலகம், மரவேலைப் பட்டறை, நான்கைந்து பேர் நடத்தும் மென்பொருள் நிறுவனம், இப்படி.

அங்கே போகிறவர் ஓர் ஆர்டர் வருவதில் இருந்து பணம் கைக்கு வருவது வரை முழுவதையும் கண்ணால் பார்க்கிறார். விலை சொல்வது யார், கடன் யாருக்குக் கொடுக்கலாம், ஸ்டாக் ஏன் தேங்குகிறது, கோபமாக வரும் வாடிக்கையாளரிடம் என்ன பேசுவது என்று எல்லாமே ஒரே அறைக்குள் நடக்கிறது. பெரிய நிறுவனத்தில் இதைப் பல துறைகள் பிரித்துக்கொள்ளும். மாணவருக்கு ஒரு மூலையும் ஒரு கணினியும் கிடைக்கும்.

சிறு இடத்துக்கே உரிய சிக்கல்களும் உண்டு. பயிற்சி கொடுக்கவென்று தனியாக ஆள் இருக்க மாட்டார். வேலை இல்லாத நாளில் பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கும். வேலை அதிகமான நாளில் பார்சல் கட்டவும் எடுபிடி வேலைக்கும் ஓடும். தெரிந்தவர் கடை என்றால் போகாமலே சான்றிதழ் வாங்கிவிடலாம். இவற்றுக்கெல்லாம் முன்கூட்டியே வழி செய்யாவிட்டால், சிறு தொழிலில் கற்பது ஆழமானது என்று நாம் பேசுவதெல்லாம் வெறும் பேச்சாகிவிடும்.

முதலாளியிடம் எப்படிப் பேசுவது

பல்கலைக்கழகத்தின் வழக்கமான இன்டர்ன்ஷிப் படிவம் பெரிய நிறுவனத்தை மனத்தில் வைத்துத் தயாரித்தது. மனிதவளத் துறை அலுவலர் பெயர், பயிற்சித் திட்டம், வாராந்திர மதிப்பீடு, ஐந்து புள்ளி அளவுகோலில் பதினைந்து கேள்வி. ஒரு பட்டறைக்காரர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “சார், பையனை நான் வச்சுக்குறேன், இந்தப் பேப்பரை நீங்க வச்சுக்குங்க” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தாளை நடத்துவது நாம், கிரெடிட் கொடுப்பது நாம், தணிக்கைக்குப் பதில் சொல்வதும் நாம். எழுத்து வேலை முழுவதும் நம் பக்கம்தான் இருக்க வேண்டும். இப்போது முதலாளி கையெழுத்துப் போடுவது ஒரே ஒரு பக்கத்தில். அதில் இருப்பவை: மாணவர் வரும் நாளும் நேரமும், செய்யப்போகும் வேலை, யாரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும், எதைத் தொடக் கூடாது, உதவித்தொகை எவ்வளவு, பிரச்சினை என்றால் இரு தரப்பும் யாரை அழைக்க வேண்டும். அவ்வளவுதான்.

போகும் நேரமும் முக்கியம். மாதக் கடைசியில் போகாதீர்கள். வரி தாக்கல் செய்யும் சமயத்தில் ஆடிட்டர் அலுவலகத்தின் வாசலை மிதிக்காதீர்கள். காலையில் கடை திறந்து முதல் அலை ஓய்ந்த பிறகு போனால் பேச நேரம் கொடுப்பார்கள்.

“எங்கள் மாணவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள்” என்று கேட்டால் தயவுக்கு ஒப்புக்கொள்வார்கள். தயவுக்கு எடுத்துக்கொண்ட பிள்ளையைப் பிறகு யாரும் கவனிக்க மாட்டார்கள். நான் கேட்பது வேறு கேள்வி. “செய்யணும்னு ரொம்ப நாளா நினைச்சு, நேரமில்லாம தள்ளிப்போட்டுக்கிட்டே இருக்கிற வேலை ஏதாவது இருக்கா?” இதற்குப் பதில் இல்லாத முதலாளியை நான் பார்த்ததில்லை. வராத பாக்கிகளின் பட்டியல், விற்காமல் கிடக்கும் சரக்கு, யாரும் எண்ணிப் பார்க்காத கழிவு, பழைய வாடிக்கையாளர்கள் ஏன் வருவதில்லை என்ற சந்தேகம் என்று ஏதாவது ஒன்று நிச்சயம் இருக்கும். அந்தத் தள்ளிப்போட்ட வேலைதான் நல்ல கிரெடிட் வேலை. அது உண்மையானது, அவருக்குத் தேவையானது, நாளைக்கே முடிய வேண்டிய அவசரமும் இல்லாதது. தப்பு நடந்தாலும் கடை நின்றுபோகாது.

அவர்களுக்குப் பயங்களும் உண்டு. விலை விவரமும் வாடிக்கையாளர் பட்டியலும் வெளியே போய்விடுமோ என்பது முதல் பயம். அதற்கு எங்கள் ஒரு பக்க ஒப்பந்தத்திலேயே ஒரு வரி இருக்கிறது: அறிக்கையில் கடையின் பெயர், வாடிக்கையாளர் பெயர், கொள்முதல் விலை வராது, தொகைகள் விகிதங்களாக மட்டுமே வரும். இதை வாய்விட்டுச் சொன்னதும் பலருடைய முகம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு பயம் விபத்து. மெஷின் ஓடும் இடங்களில் மாணவர் எதை இயக்கலாம், எதன் அருகில் நிற்கவே கூடாது என்பதை முதல் நாளிலேயே நேரில் காட்டச் சொல்கிறேன். காப்பீடு பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. அது இல்லாமல் யாரையும் பட்டறைக்கு அனுப்புவதில்லை. இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

மணிக்கணக்கு

எத்தனை மணி நேரத்துக்கு எத்தனை கிரெடிட் என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈசிடிஎஸ் முறையில் ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு, முழு ஆண்டுக்கு 60 கிரெடிட். பிரிட்டனில் ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேரம், ஆண்டுக்கு 120 கிரெடிட். இந்தியாவில் 2023-இல் வந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்பின்படி ஆண்டுக்கு 1,200 மணி நேரம், 40 கிரெடிட், அதாவது ஒன்றுக்கு 30 மணி நேரம். எந்த முறையாக இருந்தாலும் ஒன்று பொது. இந்த மணி நேரம் மாணவர் கற்பதற்காகச் செலவிடும் மொத்த நேரம், கடையில் நின்ற நேரம் மட்டும் இல்லை. தயாரிப்பு, குறிப்பேடு எழுதுவது, ஆசிரியரோடு பேசுவது, அறிக்கை, வைவா என்கிற வாய்மொழித் தேர்வு எல்லாம் அதற்குள் அடங்கும்.

உதாரணமாக, 30 மணி நேரக் கணக்கில் 4 கிரெடிட் என்றால் 120 மணி நேரம். இதை முழுவதும் கடையில் கழிக்கச் சொன்னால் எழுதவும் யோசிக்கவும் நேரம் மிஞ்சாது. அறிக்கை கடைசி இரவில்தான் எழுதப்படும். 85 முதல் 90 மணி நேரம் வேலையிடம், மீதி எழுத்துக்கும் சந்திப்புக்கும் என்று பிரிப்பது நன்றாக வேலை செய்கிறது. இந்தப் பிரிவை முதலாளிக்கும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மிச்ச நாட்களுக்கும் பிள்ளை வரும் என்று காத்திருப்பார்.

விடுமுறையில் மொத்தமாக அனுப்புவதா, செமஸ்டர் முழுக்க வாரத்தில் சில அரைநாள் அனுப்புவதா? சிறு தொழிலுக்கு இரண்டாவதுதான் சரி என்பது என் தீர்ப்பு. சிறு தொழில் மாதச் சுழற்சியில் ஓடுகிறது. மாதத் தொடக்கத்தில் கொள்முதல், நடுவில் விற்பனை, கடைசியில் பாக்கி வசூலும் சம்பளமும். மூன்று வாரம் மட்டும் இருந்தவர் இந்தச் சக்கரம் ஒரு முறை சுற்றுவதைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். தான் மாற்றியமைத்த ஒரு படிவம் அடுத்த மாதமும் பயன்படுகிறதா, ஓரத்தில் போடப்பட்டுவிட்டதா என்பதும் அவருக்குத் தெரியாது.

ஆனால் அரைநாள் ஆள் என்றால் முதலாளிக்குத் தொடர்ச்சி அறுந்துபோகும். இதற்கான தீர்வு நூறாண்டுக்கு முன்பே வந்துவிட்டது. பொறியியல் ஆசிரியர் ஹெர்மன் ஷ்னைடர் 1906-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 27 பொறியியல் மாணவர்களோடு, படிப்பையும் வேலையையும் மாற்றி மாற்றி நடத்தும் கூட்டுறவுக் கல்வியைத் தொடங்கினார். அங்கே மாணவர்களை இருவர் இருவராகச் சேர்த்து, ஒரு வாரம் ஒருவர் ஆலையிலும் மற்றவர் வகுப்பிலும், அடுத்த வாரம் மாறியும் இருக்கும்படி ஏற்பாடு செய்தார்கள். ஆலைக்கு எப்போதும் ஓர் ஆள் இருப்பார். நானும் முடிந்த இடங்களில் இருவரைச் சேர்த்தே அனுப்புகிறேன், வாரம் மாற்றி இல்லாமல் நாள் மாற்றி. எதிர்பாராத பலன் ஒன்று கிடைத்தது. அடுத்த நாள் வருபவருக்காக முதல் நாள் இருந்தவர் எழுதிவைக்கும் ஒப்படைப்புக் குறிப்பு, எங்களுக்காக எழுதும் எந்தக் குறிப்பேட்டையும் விடத் தெளிவாக இருக்கிறது. படிக்கப்போகிறவர் யார் என்று தெரிந்தால் எழுத்தில் பூச்சு வராது போலிருக்கிறது.

என்ன கற்கப்போகிறோம் என்று எழுதுவது

கற்றல் விளைவுகள் மூன்று போதும். அதற்கு மேல் போனால் யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. “அச்சுத் தொழிலைப் பற்றிய அறிவைப் பெறுதல்” என்று எழுதினால் அதைச் சோதிக்கவே முடியாது. “ஒரு வேலைக்கு மறு அச்சு ஆகும் செலவைக் கணக்கிட்டு, காரணங்களை வகைப்படுத்திக் காட்டுதல்” என்று எழுதினால் வைவாவில் தாளையும் பேனாவையும் கொடுத்துச் செய்யச் சொல்லலாம். என் சோதனை இதுதான்: இந்த வரியைப் படித்துவிட்டு, வேறு துறை ஆசிரியர் ஒருவரால் “செய்து காட்டு” என்று சொல்ல முடியுமா? முடிந்தால் அது விளைவு.

இந்த மூன்று வரிகளை முதல் நாளே இறுதி செய்ய வேண்டாம். முதல் இரண்டு வாரம் மாணவர் வேலையைப் பார்க்கட்டும். பிறகு உட்கார்ந்து எழுதட்டும், ஆசிரியர் திருத்தட்டும், முதலாளிக்கு வாய்மொழியாகச் சொல்லி ஒப்புதல் வாங்கட்டும். உள்ளே போவதற்கு முன் எழுதும் விளைவுகள் பாடத்திட்டத்தில் இருந்துதான் வரும், கடையில் இருந்து வராது.

அடுத்தது குறிப்பேடு. வழிகாட்டல் இல்லாவிட்டால் அது இப்படித்தான் இருக்கும்: “இன்று ஸ்டாக் எடுத்தேன். பிறகு பில் போட்டேன்.” அமெரிக்கக் கல்வியியலாளர் டேவிட் கோல்ப் 1984-இல் விளக்கிய கற்றல் சுழற்சியில் நான்கு படிகள் உண்டு: அனுபவம், அதைத் திரும்பிப் பார்ப்பது, அதில் இருந்து ஒரு பொதுக் கருத்துக்கு வருவது, அதை மீண்டும் செய்து பார்ப்பது. பெரும்பாலான குறிப்பேடுகள் முதல் படியிலேயே நின்றுவிடுகின்றன. நாங்கள் தினமும் எழுதச் சொல்வதில்லை. வாரத்துக்கு ஒரு நிகழ்ச்சியை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறோம். என்ன நடந்தது, ஏன் அப்படி என்று நினைத்தாய், அது சரியா என்று யாரிடம் கேட்டாய், அடுத்த முறை எதை மாற்றிச் செய்து பார்த்தாய். இதில் மூன்றாவது கேள்வி நாங்களே சேர்த்தது. அதுதான் பிள்ளைகளை மேசையை விட்டு எழுப்பி மெஷின்மேனிடமும் டெலிவரி பாயிடமும் போய்ப் பேச வைக்கிறது.

ஓர் அச்சகத்துக்குப் போன வணிகவியல் மாணவியின் குறிப்பேட்டை எடுத்துக்கொள்கிறேன். முதலாளி கொடுத்த வேலை, மறு அச்சு ஏன் அடிக்கடி வருகிறது என்று பார்ப்பது. மெஷினில் கலர் சரியாக வருவதில்லை, பேப்பர் தரம் சரியில்லை என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். திருப்பி வந்த ஒவ்வொரு வேலையின் ஜாப் கார்டையும் எடுத்து, வாடிக்கையாளர் என்ன குறை சொன்னார் என்று பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தாள். பெரும்பாலான குறைகள் மெஷினில் இல்லை. பில் புக்கில் வரிசை எண் தவறான இடத்தில் தொடங்கியது, விசிட்டிங் கார்டில் தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் மாறியது, லேபிளில் பழைய முகவரி இருந்தது. எல்லாமே புரூஃபில், அதாவது அச்சுக்கு முன் சரிபார்க்கும் பிரதியில், பிடித்திருக்க வேண்டியவை. புரூஃப் எப்படி ஒப்புதல் ஆகிறது என்று விசாரித்தாள். வாட்ஸாப்பில் படம் போகிறது, வாடிக்கையாளர் கைபேசித் திரையில் பார்த்துவிட்டுக் கட்டைவிரல் குறியைப் போடுகிறார், உடனே அச்சடிப்பதற்கான பிளேட் போடப்படுகிறது.

அவள் செய்தது சின்ன மாற்றம். புரூஃப் படத்தோடு நான்கு வரிச் செய்தி ஒன்றும் போகும்: பெயர், தொலைபேசி எண், முகவரி, தொடக்க எண். வாடிக்கையாளர் இந்த நான்கையும் தாமே தட்டச்சு செய்து திருப்பி அனுப்பினால்தான் பிளேட். முதல் வாரத்தில் டிசைனர் ஒப்புக்கொள்ளவில்லை. வாடிக்கையாளர் எரிச்சல்படுவார் என்றார். அதுவும் உண்மைதான், சிலர் எரிச்சல்பட்டார்கள். அவசர வேலைகளுக்கு மட்டும் தொலைபேசியில் வாசித்துக் கேட்டுக்கொள்ளலாம் என்று அவர்களே ஒரு விதிவிலக்கு வைத்தார்கள். அந்த விதிவிலக்கு ஏன் வந்தது, அதனால் என்ன ஆபத்து என்பதை அவள் அடுத்த வாரக் குறிப்பில் எழுதியிருந்தாள். அதைப் படித்தபோதே அவளுக்கு மதிப்பெண் எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தான் கொண்டுவந்த மாற்றம் எங்கே உடையும் என்று அறிந்திருப்பது, மாற்றத்தைக் கொண்டுவருவதை விடப் பெரிய கல்வி.

யார் மதிப்பிடுவது

முதலாளியிடம் மதிப்பெண் கேட்கக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். பெரும்பாலோர் முழு மதிப்பெண் போட்டுவிடுவார்கள், நல்ல பிள்ளை என்று. சிலர் நேரத்துக்கு வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் குறைத்துவிடுவார்கள். இரண்டுமே கற்றதை அளப்பதில்லை. அவர்களுக்குத் தெரிந்தது வேறு, அது நமக்கு மிகவும் தேவையானது: பிள்ளை உண்மையில் வந்ததா, சொன்னதைச் செய்ததா, செய்தது பயன்பட்டதா. அதற்குச் சாட்சி அவர்கள்தான். எனவே படிவம் அனுப்புவதில்லை. நேரில் போய் அல்லது தொலைபேசியில் சில கேள்விகள் கேட்டு நாங்களே எழுதிக்கொள்கிறோம். வந்த நாளில் இருந்து இன்றைக்கு என்ன வித்தியாசம்? எந்த வேலையை இப்போது அவரிடம் நம்பி விடுவீர்கள்? எதை விட மாட்டீர்கள்? அவர் செய்ததில் எதை இனியும் வைத்துக்கொள்ளப்போகிறீர்கள்? எழுதியதை அவருக்கே படித்துக் காட்டி, சரி என்றால் தேதி போட்டு வைத்துக்கொள்கிறோம். மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில்தான் உண்மை இருக்கும்.

மதிப்பெண் பல்கலைக்கழகத்தின் வேலை. குறிப்பேட்டுக்கு ஒரு பங்கு, கையில் கொண்டுவரும் சான்றுகளுக்கு ஒரு பங்கு, வைவாவுக்குப் பெரும் பங்கு. சான்று என்றால் மாணவர் தயாரித்த பட்டியல், மாற்றிய படிவம், முன்னும் பின்னுமான படம், எதுவாகவும் இருக்கலாம். வைவாவை இருவர் நடத்துகிறோம். ஒருவர் அந்தக் கடைக்குப் போய் வந்தவர், மற்றவர் போகாதவர். போகாதவர் கேட்கும் கேள்விகள்தான் கூர்மையாக இருக்கும்.

உதிரிபாகக் கடையில் இருந்த கணினி அறிவியல் மாணவர் ஒருவர் அறிக்கையில் “சரக்கு மேலாண்மை மென்பொருளை உருவாக்கினேன்” என்று எழுதியிருந்தார். கொண்டுவந்தது ஓர் எக்செல் கோப்பு. அதை மட்டும் பார்த்திருந்தால் குறைவாகத்தான் போட்டிருப்போம். வைவாவில், “ஒரு பொருளின் பெயருக்கு ஏன் மூன்று பத்தி (column)?” என்று போகாதவர் கேட்டார். மாணவர் சட்டைப் பையில் இருந்து ஒரு சிறிய பேரிங்கை எடுத்து மேசையில் வைத்தார். 6203. உள்விட்டம் 17 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 40, அகலம் 12. தயாரிப்பாளர் பட்டியலில் அது இந்த எண். பில்லில் அது எந்த மெஷினுக்குப் போகிறதோ அந்த மெஷினின் பெயர். கவுன்டரில் நிற்பவர் அதை அழைப்பது, மெக்கானிக்குகள் அந்தப் பேரிங்குக்கு வைத்திருக்கும் ஒரு பட்டப்பெயரால். ஒரே பேரிங் மூன்று பெயரில் மூன்று பெட்டியில் இருந்தது. ஒரு பெட்டி காலியானதும் புதிதாக வாங்கினார்கள், மற்ற இரண்டில் தூசி படிந்துகொண்டிருந்தது. மென்பொருள் எழுதும் முன் பெயர்களை ஒன்றாக்க வேண்டும் என்று புரிந்துகொள்ள அவருக்குப் பாதிச் செமஸ்டர் ஆனது. அதற்காகக் கவுன்டர்காரரோடு அலமாரி அலமாரியாக நின்றிருக்கிறார். தரவு மாதிரியமைப்பு என்று நாம் வகுப்பில் நடத்துவது இதைத்தான். அறிக்கையில் அவர் பெருமையாக எழுதியது கற்றதே இல்லை, கற்றதை அவர் எழுதவே இல்லை. வைவா இல்லாவிட்டால் இது வெளியே வந்திருக்காது. நல்ல மதிப்பெண் கொடுத்தோம், அறிக்கையைத் திருத்தி எழுதச் சொன்னோம்.

ஏற்கெனவே வேலை பார்க்கும் மாணவர்கள்

இவர்களைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. கட்டணம் கட்டுவதற்காக மாலையில் எங்கோ வேலை பார்க்கிறவர்களும், குடும்பக் கடையைப் பார்த்துக்கொள்கிறவர்களும் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்களைப் போய், உன் வேலையை விட்டுவிட்டு இன்னொரு இடத்தில் சம்பளமில்லாமல் இரு, அப்போதுதான் கிரெடிட் என்று சொல்வது அநியாயம். அவர்கள் பார்க்கும் அதே வேலைக்கே கிரெடிட் கொடுக்க முடியும். நிபந்தனை இரண்டு. பழகிய வேலையையே தொடர்ந்தால் போதாது, அதற்குள் புதிதாக ஒன்றை எடுத்துச் செய்ய வேண்டும். அடுத்தது, சாட்சி சொல்பவர் உறவினராக இருக்கக் கூடாது. குடும்பக் கடை என்றால் சரக்கு கொடுப்பவர், நீண்டநாள் வாடிக்கையாளர், கணக்கு எழுதுபவர் என்று யாராவது ஒருவர் போதும். இப்படி வருகிறவர்கள் வைவாவில் முதலில் தயங்குவார்கள். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும், இதில் என்ன படிப்பு என்பார்கள். “கடன் கேட்டு வருகிறவருக்குக் கொடுக்கலாமா வேண்டாமா என்று எப்படி முடிவு செய்கிறாய்?” என்று கேட்டால் போதும். கடன் மதிப்பீட்டைப் பற்றிப் பாடப்புத்தகம் சொல்வதில் பெரும்பகுதி அந்தப் பதிலில் இருக்கும். அதைப் பாடத்தோடு பொருத்திப் பார்க்கக் கற்றுக்கொடுப்பது நம் வேலை.

பணம்

கிரெடிட் கிடைக்கிறதே, சம்பளம் எதற்கு என்ற பேச்சை எல்லா இடத்திலும் கேட்கிறேன். சட்டம் இடத்துக்கு இடம் வேறு. பிரிட்டனில், உயர்கல்விப் படிப்பின் கட்டாயப் பகுதியாக ஓராண்டுக்கு உட்பட்ட பணியிடப் பயிற்சிக்குக் குறைந்தபட்ச ஊதிய உரிமை கிடையாது. அமெரிக்காவில் தொழிலாளர் துறை 2018 முதல், இந்த ஏற்பாட்டால் முதன்மையாகப் பயன்பெறுவது மாணவரா முதலாளியா என்று ஏழு அம்சங்களை வைத்துப் பார்க்கிறது. படிப்போடு இணைந்த கிரெடிட் உண்டா என்பதும், வழக்கமான ஊழியரின் வேலையை மாணவர் பிடுங்கிக்கொள்கிறாரா என்பதும் அவற்றில் அடங்கும்.

சட்டம் எப்படி இருந்தாலும், இந்த அமெரிக்கக் கேள்வி நல்ல அளவுகோல். மாணவர் வராவிட்டால் அந்த வேலைக்கு ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்திருப்பார்களா? ஆம் என்றால் சம்பளம் கொடுக்க வேண்டும், கிரெடிட் அதற்கு ஈடாகாது. தள்ளிப்போட்ட வேலை, பாதி நேரம் கேட்டுத் தெரிந்துகொள்வதிலேயே போகிறது என்றால் முழுச் சம்பளம் கேட்க முடியாது. ஆனால் போக்குவரத்துச் செலவும் சாப்பாட்டுச் செலவும் மாணவர் கையில் இருந்து போகக் கூடாது. முதலாளியால் முடியாவிட்டால் பல்கலைக்கழகம் கொடுக்க வேண்டும். இது கிடைக்காததால் இந்தத் தாளையே எடுக்காமல் விடுகிற மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இந்த அனுபவம் அதிகம் தேவை.

இடையில் குலைந்தால்

சிறு தொழில் சில சமயம் நடுவிலேயே மூடிவிடும். முதலாளிக்கு உடம்பு சரியில்லாமல் போகும். பெரிய ஆர்டர் ஒன்று தவறிப்போய், ஆளையே குறைக்க வேண்டி வரும். மாணவர் நடுத்தெருவில் நிற்கக் கூடாது. கற்றதற்குத்தான் கிரெடிட் என்ற விதி இங்கே கைகொடுக்கிறது. கடை மூடியதற்குக் காரணம் என்ன, அறிகுறிகள் எப்போது தெரிந்தன என்று ஒரு மாணவி எழுதிய அறிக்கை, நான் படித்தவற்றிலேயே சிறந்தவற்றில் ஒன்று. மீதி மணி நேரத்தை வேறோர் இடத்தில் முடித்தாள்.

இடம் சரியில்லை என்றால் மாணவர் எந்த நேரத்திலும், காரணத்தை முதலாளிக்குச் சொல்லாமலே வெளியேறலாம் என்பதை எழுத்திலேயே கொடுக்கிறோம். ஒருங்கிணைப்பாளரோடு பேசத் தயங்குகிறவர்களுக்காக, தாளோடு தொடர்பில்லாத ஓர் ஆசிரியையின் எண்ணையும் கொடுக்கிறோம். வெளியேறினால் மதிப்பெண் போய்விடும் என்ற பயம் இருந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆட்கள் மிகக் குறைவாக உள்ள இடங்களில், முதலாளியைப் பற்றி முதலாளியிடமே புகார் சொல்ல வேண்டிய நிலை இருக்கிறது என்பதை மறக்கவே கூடாது.

நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது

இதெல்லாம் ஆசிரியரின் நேரத்தைத் தின்கிறது. ஒரு மாணவருக்குச் செமஸ்டரில் குறைந்தது ஒரு நேரடி வருகை, இரண்டு சந்திப்பு, குறிப்பேட்டுக்குப் பதில், வைவா. இதைப் பாடவேளையாகக் கணக்கிடாத இடத்தில், தாள் மெல்ல மெல்லப் பழைய லெட்டர்ஹெட் கடிதத்துக்கே திரும்பிவிடும். தொடங்கும் முன்பே, இத்தனை மாணவருக்கு வாரத்தில் இத்தனை பாடவேளை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வெளியே போகும் அரைநாள் கால அட்டவணையிலேயே இருக்கட்டும்.

கோப்பில் வைக்க வேண்டியவை அதிகமில்லை. கையெழுத்தான ஒரு பக்க ஒப்பந்தம், காப்பீட்டு நகல், மூன்று விளைவுகள், குறிப்பேடு, முதலாளியின் சாட்சியக் குறிப்பு, சான்றுகள், இருவர் கையெழுத்திட்ட வைவாத் தாள். வெளித்தேர்வாளர் எவரும் இதற்கு மேல் எங்களிடம் கேட்டதில்லை.

செமஸ்டர் முடிந்ததும் அறிக்கையின் சாரத்தை முதலாளிக்குப் புரியும் மொழியில் ஒரே பக்கத்தில் எழுதி, மாணவரே நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, அடுத்த செமஸ்டருக்கு ஆள் உண்டா என்று கேட்கிற முதலாளியிடம், அடுத்தது எந்த வேலையைத் தள்ளிப்போட்டு வைத்திருக்கிறார் என்று அப்போதே கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.